எதிர்ச்சத்தம்

முதலில் காணாமல் போனது செருப்புச் சத்தம்.

அடித்தளத்தில் இருக்கும் லேபுக்குப் போகிற நடைபாதை நீளமானது. இரண்டு பக்கமும் வெறும் சுவர், தலைக்கு மேலே குழாய்கள், கீழே மெழுகு போட்டுத் தேய்த்த தரை. அங்கே யார் நடந்தாலும் பின்னால் இன்னொருவர் வருகிற மாதிரி எதிரொலிக்கும். அவளுடைய செருப்பு ஒரு பக்கம் தேய்ந்து 'சளக் சளக்' என்று அடிக்கிற ரகம். அவள் வருவது உள்ளே இருப்பவர்களுக்குக் கதவைத் திறக்கும் முன்பே தெரிந்துவிடும். அன்று காலை பாதி தூரம் வந்த பிறகுதான் ஏதோ குறைகிறது என்று உறைத்தது. நின்றாள். காலைத் தூக்கி ஓங்கித் தரையில் அடித்தாள். உள்ளங்காலில் சுரீரென்று வலித்தது. சத்தம் வரவில்லை.

காது அடைத்திருக்கும் என்று நினைத்தாள். ஆனால் மேலே குழாயில் தண்ணீர் ஓடுவது கேட்டது. எங்கோ ஒரு அறையில் நாற்காலியை இழுப்பது கேட்டது. மாடியில் யாரோ தும்மியதுகூடத் தெளிவாகக் கேட்டது. உலகம் பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. அவளுடைய சத்தம் மட்டும்தான் கேட்கவில்லை.

லேபில் தாத்தா முதுகைக் காட்டிக்கொண்டு சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முப்பதைத் தாண்டிக் கொஞ்ச வயதுதான். ஆனால் பி.எச்.டி.யில் எட்டாவது வருடம் ஓடுகிறது. வந்து சேர்ந்த ஜூனியர்கள் எல்லாம் டாக்டராகி வெளியேறிவிட்டார்கள். அதனால் அந்தப் பெயர். அதற்குப் பழிவாங்க அவன் அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ. வாய் ஓயாத பெண் என்பதால் அது ஒட்டிக்கொண்டது.

"யோவ் தாத்தா, என் காதுல ஏதோ கோளாறுய்யா."

அவன் திரும்பவில்லை. இன்னொரு முறை சொன்னாள். மூன்றாவது முறை தோளைத் தொட்டாள். அவன் துள்ளி எழுந்ததில் சால்டரிங் கம்பி மேசையில் விழுந்து பிளாஸ்டிக் கருகியது.

"ஏ! பூனை மாதிரி வந்து நிக்காத, உசுரே போயிருச்சு. நீ எப்பலேருந்து சத்தமில்லாம நடக்க ஆரம்பிச்ச?"

"மூணு தடவை கூப்பிட்டேன்."

"என்னது?"

அவள் அவன் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாள். "மூணு தடவை கூப்பிட்டேன்யா, செவிடா!"

"அட, தொண்டை கட்டிருச்சா? கிசுகிசுன்னு பேசுற. ரேடியோவுக்கு பேட்டரி போயிருச்சுன்னு நோட்டீஸ் ஒட்டிரலாம். லேபே நிம்மதியா தூங்கும்."

அவன் சிரித்தான். அவள் கரித்துணியை எடுத்து அவன் மூஞ்சியில் எறிந்தாள். தொண்டை கட்டவில்லை. தொண்டையில் அதிர்வு விரல் வைத்தால் தெரிகிற அளவுக்கு இருந்தது. கத்தியது முழுக் கத்தல். அது வாய்க்கு வெளியே ஒரு சாண் தூரம்கூடப் போகாமல் செத்திருக்கிறது.

அவள் திரும்பி லேபின் நடுவில் நின்ற கேபினைப் பார்த்தாள்.

அது நிஜக் கேபின். மண் அள்ளும் இயந்திரம் ஒன்றிலிருந்து டிரைவர் உட்காரும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து இரும்புச் சட்டத்தின் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். மூன்று பக்கம் கண்ணாடி, ஒரு கதவு, எண்ணெயும் வேர்வையும் ஊறிய ஒரு சீட். கூரையிலும் கதவிலும் சீட்டின் தலைப்பகுதியிலும் சின்னச் சின்ன ஸ்பீக்கர்களை அவள்தான் பொருத்தினாள். அவளுடைய ஆராய்ச்சி இதுதான்: எஞ்சின் இரைச்சலை டிரைவரின் காதுக்கு வராமல் செய்வது. சத்தம் என்பது காற்றில் மேடும் பள்ளமும். மேடு வருகிற நொடியில் ஸ்பீக்கர் ஒரு பள்ளத்தைப் போட்டால் இரண்டும் சேர்ந்து ஒன்றுமில்லாமல் போகும். அதற்கு எதிர்ச்சத்தம் என்று பெயர். எந்தச் சத்தத்துக்கு எதைப் போட வேண்டும் என்று அந்த அமைப்பு கேட்டுக் கேட்டுத் தானாகவே கற்றுக்கொள்ளும். சீட்டில் இருப்பவரின் காதருகே ஒரு மைக். அதில் மிச்சம் விழுவது எதுவானாலும் அது குறை, அழிக்க வேண்டியது. அதற்குத் தெரிந்த வேலை அவ்வளவுதான். யாருடைய சத்தம் என்று அது கேட்காது.

அப்படிக் கற்றுக்கொடுக்கும்போது சீட்டில் ஓர் உடம்பு இருந்தாக வேண்டும். உடம்பு இருந்தால்தான் கேபினுக்குள் ஒலி அசலில் போகிற மாதிரி போகும். அதற்கென்றே பிளாஸ்டிக் பொம்மை உண்டு. அதைப் பக்கத்துத் துறை இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை. ஆராய்ச்சியை மேற்பார்க்கும் கைடு நெருக்கினார். கருவி இல்லாவிட்டால் தன்னையே கருவியாக வைத்துக்கொள்வது ஆராய்ச்சி மாணவர்களின் குலவழக்கம். அவளே போய் உட்கார்ந்தாள். எஞ்சின் ஒலிப்பதிவை ஓடவிட்டு, நாட்கணக்காக உட்கார்ந்தாள். அலுப்பில் அங்கேயே தூங்கிப்போனாள்.

ஒலிப்பதிவு முடிந்த பிறகும் கற்றுக்கொள்வது நிற்கவில்லை. நிரலில் அதை நிறுத்தும் வரியை அவள் எழுத மறந்திருந்தாள். எஞ்சின் அடங்கிய பிறகு அந்த மைக்கில் என்ன மிச்சம் இருந்திருக்கும்? அவள் மூச்சு. எச்சில் விழுங்குவது. தூக்கத்தில் உளறுவது. இதயம். விடிய விடிய அது அவளை வைத்துத்தான் பழகியிருக்கிறது.

முடிவுகள் அள்ளிக்கொண்டு வந்தன. இவ்வளவு அமைதியை எந்தக் குழுவும் காட்டியதில்லை என்று கைடு ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பணம் போட்ட கம்பெனியிலிருந்து அன்று மதியம் ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் இந்த அமைப்பை அடுத்த மாதமே தங்கள் இயந்திரங்களில் பொருத்துவார்கள். அவளும் தீசிஸைக் கட்டிக் கொடுத்துவிட்டு வெளியேறலாம். போன வாரம் கேபினுக்குள் உட்கார்ந்து பாடிக் காட்டி, 'பாருங்க, என் பாட்டே கேக்கல' என்று அவளே எல்லோரையும் சிரிக்க வைத்தாள். அந்தச் சிரிப்பு முந்தின நாள்தான் அடங்கியது, நிறுத்தும் அந்த வரி விட்டுப்போனதைக் கண்டுபிடித்தபோது.

மாடியேறிக் கைடின் அறைக்குப் போனாள். அவர் அலமாரிக் கண்ணாடியில் பார்த்து டை கட்டிக்கொண்டிருந்தார்.

"சார், ட்ரெயினிங் தப்பு சார். உள்ள உக்காந்திருக்கிற ஆளையே அது இரைச்சல்னு எடுத்துக்கிட்டிருக்கு."

"என்னம்மா? வாய் மட்டும் அசையுது."

மேசையைச் சுற்றிப் போய் அவர் காதருகே நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "டிரைவர் 'ஐயோ'ன்னு கத்தினாகூட வெளிய நிக்கிறவனுக்குக் கேக்காது சார். சக்கரத்துக்கு அடியில ஆள் போயிடுவான். இன்னைக்கு டெமோவ நிறுத்துங்க."

பாதி அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். டையின் முடிச்சை இறுக்கினார்.

"அதையெல்லாம் கடைசி அத்தியாயத்துல, இனிமே செய்ய வேண்டியதுன்னு ஒரு வரி போட்டுக்கலாம். நிறுத்தினா உனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இழுக்கும், தெரியும்ல? கீழ ஒருத்தன் தாத்தாவாயிட்டான். நீ பாட்டியாகணுமா?"

"ஆனாலும் பரவால்ல. நான் அவங்ககிட்ட சொல்லத்தான் போறேன்."

"என்ன?"

"சொல்லத்தான் போறேன்னு சொன்னேன்!"

அவர் அவள் உதட்டைப் பார்த்தார். பிறகு, அவள் சரியென்று சொல்லிவிட்ட மாதிரி தலையாட்டி, தோளில் தட்டினார். "அப்படி வா வழிக்கு. நீ பேசவே வேணாம்மா. சீட்ல உக்காந்து சிரிச்சா போதும். பேசறத நான் பாத்துக்கறேன்."

படிக்கட்டில் நின்று அம்மாவுக்குப் போன் செய்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒருவேளை தன் குரலை அடையாளம் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கலாம்.

"ஹலோ, கண்ணு? சொல்லு."

"அம்மா, நான் பேசறது கேக்குதா?"

"ஹலோ?... ஹலோ?"

"அம்மா!"

"என்னங்க, உங்க மக நம்பர்தான். ஆனா ஒரு சத்தமும் காணோம்." அம்மா அந்தப் பக்கம் அப்பாவிடம் பேசினாள். "அவளா இருக்காது. அவளா இருந்தா இந்நேரம் என் காது பழுத்திருக்கும். போன் எங்கயோ பைக்குள்ள அமுங்கிருச்சு போல."

தொடர்பு அறுந்தது. அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றாள். எச்சில் விழுங்கினாள். தலைக்குள் கேட்க வேண்டிய அந்தச் சின்ன 'களுக்' கேட்கவில்லை. பல்லோடு பல்லைத் தட்டினாள். தாடையில் அதிர்ந்தது; காதில் ஒன்றுமில்லை. கட்டைவிரலால் காதை அடைத்துப் பார்த்தாள். எல்லோருக்கும் அப்போது உள்ளே ஒரு கடல் இரையும். அவளுக்கு அங்கே வற்றிய கிணறு மாதிரி ஒரு வெறுமை இருந்தது.

பயம் வர வேண்டிய இடத்தில் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. தான் செய்த சாமான். தன் கையால் முறுக்கிய திருகுகள். அது தன்னையே வாயை மூடு என்பதா?

லேபில் யாரும் இல்லை, சாப்பிடப் போயிருந்தார்கள். கதவை மூடி மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினாள். மின்விசிறிகள் தளர்ந்து தளர்ந்து நின்றன, கணினிகளின் இரைச்சல் பெருமூச்சு விட்டு அடங்கியது, அடித்தளத்துக்கு ஜன்னல் என்று எதுவும் இல்லாததால் வெளியே எரிகிற பட்டப்பகல் இங்கே ஒரு பொட்டுகூட எட்டாமல், சூடான ஈயமும் ரப்பரும் பழைய கிரீஸும் கலந்த வாடை மட்டும் இருட்டில் இன்னும் நெருங்கி வந்து மூக்கை அடைத்தது. போனின் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு கேபினுக்குள் ஏறினாள். சீட்டில் உட்காரவில்லை. குனிந்து நின்றபடி வெளிச்சத்தைக் கூரைக்குத் திருப்பினாள்.

ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு அசைந்தது.

மூச்சை விட்டாள். கூம்பு உள்ளே போனது. மூச்சை இழுத்தாள். கூம்பு வெளியே வந்தது. மூச்சை அடக்கினாள். நின்றது. முழுவதும் நிற்கவில்லை. உற்றுப் பார்த்தால் நடுவில் ஒரு துடிப்பு இருந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். அங்கே ஒன்று அடிக்கும்போது கூம்பு ஒன்று பின்வாங்கியது.

வெட்டுக் குறடால் வயரை வெட்டினாள். கூம்பு அசைந்தது. எல்லா வயர்களையும் கொத்தாகப் பிடுங்கி வெளியே எறிந்தாள். கூரையில், கதவில், சீட்டின் தலையில், எல்லாமே அசைந்தன. மின்சாரம் இல்லாமல். வயர் இல்லாமல். பொறுமையாக. தூங்குகிற குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற கை மாதிரி.

"சரி," என்றாள். கேட்கவில்லை. "பாத்துரலாம்."

அவளுக்கு அதன் பலவீனம் தெரியும். இதுவரை கேட்டதை வைத்துத்தான் அது அடுத்ததை ஊகிக்கும். எதிர்பாராத முதல் அடியை அதனால் பிடிக்க முடியாது. சுத்தியலை எடுத்துக் கதவுச் சட்டத்தில் போட்டாள்.

டங்!

அந்தச் சத்தம் நெஞ்சில் வந்து விழுந்தது. அவள் சிரித்துவிட்டாள். மறுபடி அடித்தாள், பாதி கேட்டது. மூன்றாவது அடி வெறும் கை வலி. இடத்தை மாற்றினாள். கண்ணாடி. ஒரு முறை கேட்டது. தரை. ஒரு முறை. ஸ்பேனரை விட்டெறிந்தாள், அட்டையைக் கிழித்தாள், கெட்ட வார்த்தை சொன்னாள், கைடு மாதிரி 'அப்படி வா வழிக்கு' என்று மிமிக்ரி செய்தாள், வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொன்னாள், நாய் மாதிரி குரைத்தாள். புதிதாக எது செய்தாலும் ஒரு முறை பிழைத்தது. இரண்டாம் முறை செத்தது. வேர்வை கண்ணில் இறங்கியது. நிறுத்தவில்லை. உன்னைவிட எனக்குச் சத்தம் தெரியும்டா. பிறந்ததிலிருந்து இதே வேலை.

சுத்தியலை ஓங்கினாள்.

கூம்பு ஏற்கெனவே உள்ளே போயிருந்தது.

கை அந்தரத்தில் நின்றது. இன்னும் அடிக்கவில்லை. அது காத்திருந்தது. சட்டென்று மனதை மாற்றி இடது பக்கம் திரும்பினாள். இடது பக்கத்துக் கூம்பு உள்ளே போயிருந்தது. வலது. போயிருந்தது. காலால் உதைக்கலாம் என்று நினைத்தாள். நினைக்கத்தான் செய்தாள். கதவின் அடியில் இருந்த கூம்பு உள்ளே போனது.

கேட்டதைக் கற்கும் வேலை முடிந்திருந்தது. இப்போது அவளைக் கற்றுக்கொண்டிருந்தது.

ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். முதல் கூம்பில் குத்திக் கிழித்தாள். அடுத்தது. அடுத்தது. நகம் பிய்ந்தது. காகிதமும் காந்தமும் காலடியில் விழுந்தன. சீட்டின் தலையைக் கிழித்துப் பஞ்சைப் பிடுங்கி உள்ளே இருந்ததை நசுக்கினாள். ஒன்றுவிடாமல். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

மூச்சு வாங்குவது கேட்டது.

கீழே கிடந்த ஒரு நட்டைக் காலால் தள்ளினாள். டிங் என்று விழுந்து கடகடவென உருண்டது. "நான்," என்றாள். கரகரவென்று, அசிங்கமாக, அவளுடையதே ஆன குரல் கேட்டது. "நான்தான். நான்தான்டா!" கேபினிலிருந்து குதித்தாள். சுவிட்சை மேலே தள்ளினாள். கண் கூசும் வெளிச்சம். டெமோ போச்சு, தீசிஸ் போச்சு, இரண்டு வருடமும் போச்சு. போகட்டும். வருகிறவர்களிடம் சொல்ல வேண்டியதை வாய்விட்டு ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். ஒவ்வோர் எழுத்தும் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

கதவு திறந்தது. கைடு முதலில் வந்தார். பின்னால் கம்பெனி ஆட்கள், கழுத்தில் அட்டை தொங்க. கடைசியில் தாத்தா. எல்லோரும் கேபினைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள், அவள் கையில் ரத்தத்தைப் பார்த்தார்கள்.

அவள் நேரே போய் அவர்கள் முன்னால் நின்றாள்.

"இத உங்க வண்டியில வைக்காதீங்க," என்றாள். கணீரென்று கேட்டது. "உள்ள இருக்கிற ஆளோட குரலை இது தின்னுரும். ஆபத்துன்னு கத்தினா..."

'கத்தினா' பாதிதான் வந்தது.

அடுத்த சொல் வரவில்லை.

திரும்பிப் பார்த்தாள். கிழிந்த கூம்புகள் தரையில் அசையாமல் கிடந்தன. எதுவும் அசையவில்லை. மறுபடி முன்னால் திரும்பினாள். மூச்சை விட்டாள்.

எதிரில் நின்ற அத்தனை நெஞ்சுகளும் விம்மி எழுந்தன.

அவள் மூச்சை இழுத்தாள். அத்தனையும் ஒன்றாகத் தாழ்ந்தன. கைடின் டை. அட்டைகள். தாத்தாவின் பழைய சட்டை. அவள் வாயைத் திறந்தாள்; அவர்கள் வாய்கள் மூடின. அவள் மூடினாள், அவர்கள் வாய்கள் திறந்தன. முகங்களில் கோபம் இல்லை. நல்ல கூட்டத்தில் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருப்பவர்களின் முகம். தாத்தாவின் கண்கள் மட்டும் வேறாக இருந்தன. பிதுங்கி, நனைந்து, அவளையே கெஞ்சின. அவன் தாடை அவன் சொல்வதைக் கேட்கவில்லை.

அவள் பின்வாங்கவில்லை. ஓரடி முன்னே வைத்தாள். 'வேண்டாம்' என்றாள். இல்லை. 'கொலை' என்றாள். அது கேட்டது. அவள் வாயில் அதுவரை வராத சொல் அது. மறுபடி சொன்னாள். இல்லை. புதிது வேண்டும். சொல்லாத சொல் வேண்டும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்து, வாயால் ஒருநாளும் சொல்லாத சொற்களைத் தோண்டித் தோண்டி எடுத்து அவர்கள் முகத்தில் எறிந்தாள். ஒவ்வொன்றும் ஒரு முறை. ஒரு கம்பெனிக்காரரின் இமை துடித்தது. விடாதே. இன்னொன்று. இன்னொன்று. தொண்டை கிழிந்து இரும்பு ருசித்தது. இன்னொன்று.

அடுத்த சொல் எது என்று அவளுக்கே இன்னும் தெரியவில்லை. தேடினாள். மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு, தாத்தாவின் கண்ணை நேராகப் பார்த்து, தலையை நிமிர்த்தினாள்.

எதிரே வரிசையாக, கன்னச் சதை நடுங்க, அத்தனை வாய்களும் அந்தச் சொல்லுக்காக ஏற்கெனவே இறுக மூடிக்கொண்டிருந்தன.

அவள் வாயைத் திறந்தாள்.